தூக்கிக் குடித்த மாலுமி

மாட்டுங்கா, பம்பாய்
4-6-46

சௌபாக்யவதி விசாலம் அக்காவுக்கு ஷ்யாமளா செய்யும் அநேக நமஸ்காரம்.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்யம். நீயும் அம்மாவும் சௌக்யம்தான் என்று மறுதபாலில் இரண்டு வரி போடு. அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? கல்பாத்தி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? இங்கே மழை வருகிறேன் வருகிறேன் என்று கடல் பக்கம் நின்று பயமுறுத்துகிறதே தவிர வந்தபாடில்லை. ரேஷன் அரிசியில் நான் பொறுக்கின கல்லை வைத்து ஒரு வீடு கட்டலாம்.

அக்கா, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை என் ஆத்துக்காரர் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். சம்பகலதா நடித்த ஹிந்திப் படம். உனக்கு அவளைத் தெரியாது. இந்த ஊரில் சோப்பு டப்பி, காலண்டர், தீப்பெட்டி எதை எடுத்தாலும் அவள் முகம்தான் சிரிக்கும். கதை ரங்கூனில் நடக்கிறது. துறைமுகத்துச் சாராயக் கடையில் அவள் ஆடுகிறாள். சுற்றி மேஜை மேஜையாக மாலுமிகள் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் தம்ளரை வாயில் வைத்துக் குடிக்க, ஓரத்து மேஜையில் ஒட்டு மீசையும் தொப்பியுமாக ஒரு மாலுமி மட்டும் தம்ளரை உயரத் தூக்கி, உதடு படாமல், பிராந்தியைத் தாரையாக வாயில் விட்டுக்கொள்கிறான்!

கொட்டகையில் பாதிப் பேர் நம்மவர்கள். கேட்க வேண்டுமா? "மாமா, எச்சில் பண்ணிடாதீங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "பிராந்தி ஆனாலும் மடியா இருக்கணுமோன்னோ!" என்றார் இன்னொருத்தர். கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறவர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? நம் தம்பி பஞ்சு அதே மாதிரி குடித்துக் காட்டி அத்திம்பேரைக் கேலி பண்ணுவானே, ஞாபகம் இருக்கிறதா?

அக்கா, அது அத்திம்பேர்தான். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து நாலு வருஷமாக ஒரு கடிதாசும் இல்லாமல் போன உன் ஆத்துக்காரர், மீசை ஒட்டிக்கொண்டு மாட்டுங்காவில் திரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அத்திம்பேரும், அவர் கூட வேலைக்கென்று போன நம் சிரஞ்சீவி பஞ்சுவும் க்ஷேமமாக வந்து சேர விசுவநாத ஸ்வாமி கிருபை செய்யட்டும்.

உன் தங்கை,
ஷ்யாமளா


கல்பாத்தி
15-6-46

சௌபாக்யவதி ஷ்யாமளாவுக்கு விசாலம் ஆசீர்வாதம்.

நாங்கள் க்ஷேமம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் அல்லவா தேவலையாகும்? உன் ஆத்துக்காரர் நாணுவுக்கு இருமல் நின்றதா? சுக்குக் கஷாயம் போட்டுக் கொடு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ சின்னப் பெண்ணிலிருந்தே இப்படித்தான். உன் கண்ணில் மட்டும் பெரிய மனுஷர்கள் பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒலவக்கோட்டு ஸ்டேஷனில் மகாராஜாவைப் பார்த்தேன், எனக்குக் கையாட்டினார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய். விசாரித்தால் அவன் பாண்டு வாத்தியக்காரன். இப்போது சினிமா பிடித்திருக்கிறது. போகட்டும் என்றால், என் ஆத்துக்காரரைப் பிராந்தி வேறு குடிக்க வைத்திருக்கிறாய். பொழுது போகவில்லை என்றால் வடுமாங்காய் போடு. என் நெஞ்சைப் போட்டுப் பிசையாதே.

இன்னொன்று. உறையின் மேல் "சௌபாக்யவதி" என்று எழுதாதே. தபால்காரன் விலாசத்தை உரக்கப் படிக்கிறான். எதிர்வீட்டு ஜன்னலும் பக்கத்து வீட்டு ஜன்னலும் திறக்கின்றன. எனக்குக் குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டோடு என் எதிரில் வந்துவிட்டுத் தடுமாறுகிறார்கள். பாவம், அவர்களைச் சொல்லி என்ன? விசேஷம் என்றால் நானே கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். சுமங்கலியா இல்லையா என்று எனக்கே தெரியாதபோது யார்மேல் கோபப்படுவது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

விசாலம்

பி.கு: எந்தக் கண்ணை மூடினார், பார்த்தாயா?


மாட்டுங்கா
2-7-46

அக்காவுக்கு ஷ்யாமளா நமஸ்காரம். நாங்கள் சௌக்யம். இருமல் நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரமாக விடவில்லை. துணி காயவில்லை, சுவர் வியர்க்கிறது, ஊரே தண்ணீருக்கடியில் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

வலது கண்.

அதற்காகவே படத்தை மறுபடி பார்த்தேன். "சம்பகலதா பைத்தியம் எனக்குன்னா வரணும், உனக்கு வந்துடுத்தே" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டே அழைத்துப் போனார். இரண்டாம் தடவையும் வலது கண்தான். ஆனால் நான் எழுத வந்த விஷயம் அதைவிடப் பெரிது. இதையும் பாண்டு வாத்தியக்காரன் கணக்கில் சேர்த்துவிடாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். தாராவியிலிருந்து கூடையைச் சுமந்துகொண்டு வரும் முப்பிடாதியம்மாளிடம்தான் எப்போதும் வாங்குவேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நீளமாக ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி இறங்கி, இரண்டு முழம் மல்லிகை வாங்கி, அங்கேயே நின்று வைத்துக்கொள்ளப் பார்த்தாள். பூ வழுக்கி வழுக்கி விழுகிறது. முப்பிடாதியம்மாள் என்னை இடித்து, "எம்மா, அந்தம்மா பூவத் தலைகீழா வச்சிக்கிட்டு நிக்காவ பாருங்க. செத்த சொருவி விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். நான் என் கொண்டை ஊசியை எடுத்துச் செருகிவிட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் திரும்பினாள். சம்பகலதா!

தாடையில் சின்னதாக ஓர் அம்மைத் தழும்பு இருக்கிறது, அக்கா. திரையில் அது தெரிவதில்லை. அடுத்த படத்தில் மதராஸிப் பெண்ணாக நடிக்கிறாளாம், அதற்குத்தான் பூப்பழக்கம். எனக்குத் தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தையும் ஓடிவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? கையை உயரத் தூக்கி, இடப்பக்கம் சாய்ந்து, வலது கண்ணை மூடி, வாயைத் திறந்து காட்டினேன். நடுத்தெருவில், கொட்டுகிற மழையில்! வாயெல்லாம் மழைத் தண்ணீர்.

அவள் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அரே, வெங்கட்ராம்! வோ தோ மேரா மகராஜ் ஹை!" என்றாள். அவர் என் மகராஜ் ஆயிற்றே என்கிறாள்; இந்த ஊரில் சமையற்காரரை மகராஜ் என்பார்கள். வெங்கடராமன் என்ற பெயரை நான் அவளிடம் சொல்லவே இல்லை, கேட்டியோ? பூக்கூடைப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் கரீம் பாட்சாவுக்குத் தமிழ் வரும். அவர் விவரமாகச் சொன்னார். ஸ்டுடியோ வாசலில் வேலை தேடி நின்றவரை, ரங்கூன் முகம் என்று கூட்டத்தில் சேர்த்தார்களாம். டைரக்டர் எத்தனை தடவை கத்தியும் தம்ளர் மேலேதான் போயிற்றாம். சம்பகலதாதான், "இருக்கட்டும், இவரைப் போல ஒரு மாலுமியை எவனும் பார்த்திருக்க மாட்டான்" என்று படத்தில் விட்டுவைக்கச் சொன்னாளாம். அன்றிலிருந்து செம்பூரில் அவள் பங்களாவில் சமையல். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

அத்திம்பேரோடு சிரஞ்சீவி பஞ்சுவும் அங்கேயே இருக்க வேண்டும், நான் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வர வேண்டும், ஸ்வாமி கிருபை செய்யட்டும்.

ஷ்யாமளா


கல்பாத்தி
10-7-46

ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். மற்றது பிறகு.

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் நீ செம்பூருக்குப் போய் வந்திருப்பாய். போகாவிட்டால் இப்போதே கிளம்பு. மழை, ரயில், நாணுவுக்கு லீவு இல்லை என்று எதுவும் சொல்லாதே.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தேன். நம் ஆறு முழுக்க மல்லிகை மிதந்து வருகிறது. அக்கரையில் அவர் நின்றுகொண்டு தம்ளரைத் தூக்கிக் காட்டுகிறார். நான் இறங்கி நடக்கிறேன். முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர் என்று ஏறுகிறது, எனக்குப் பயமே இல்லை. அம்மா பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் முழித்துவிட்டேன். ஏன்தான் போட்டாளோ என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அவரிடம் எதுவும் கடிந்து கேட்காதே. நாலு வருஷம் ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. கோபித்துக்கொண்டு மறுபடி எங்காவது போய்விட்டால் நான் என்ன செய்வேன்? சாப்பிடுகிறாரா, இளைத்திருக்கிறாரா, என்னை விசாரித்தாரா, அது போதும். பஞ்சு கூட இருந்தால் அவன் காதை மட்டும் நன்றாகத் திருகு. எழுதத் தெரிந்த தடியன், அம்மாவுக்கு ஒரு கார்டு போட என்ன கேடு என்று கேள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இல்லை என்று ஆனால் அவள் தாங்கமாட்டாள். தபால்காரர்கள் ஸ்டிரைக் செய்யப்போகிறார்கள் என்று பேச்சாக இருக்கிறது. உடனே பதில் போடு.

விசாலம்


செம்பூர்
5-8-46
(டிரைவர் கரீம் பாட்சா கையில்)

சௌபாக்யவதி ஷ்யாமளாவுக்கு வெங்கடராமன் ஆசீர்வாதம்.

நீயும் சிரஞ்சீவி நாணுவும் க்ஷேமமாக வீடு போய்ச் சேர்ந்ததை டிரைவர் சொன்னார். அன்று நீங்கள் வந்தபோது நான் அடுப்படியை விட்டு வெளியே வராமல் பருப்பைக் கிளறிக்கொண்டே நின்றது மரியாதை இல்லை. மன்னிக்க வேண்டும். பஞ்சு எங்கே என்று நீ இரண்டு தடவை கேட்டாய். நாணு எதிரில், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

ரங்கூனிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தோம். பஞ்சு தைரியமாகத்தான் வந்தான். வழியெல்லாம் பேச்சும் பாட்டும். மலை ஏறும்போது பேதி கண்டது. ஒரு மரத்தடியில் படுக்க வைத்தேன். "அத்திம்பேர், தாகமா இருக்கு" என்றான். தம்ளரை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் ஓடின ஓடைக்கு இறங்கினேன். கொண்டு வந்து தலையைத் தூக்கி வாயில் விட்டேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்து போயிற்று. போய்விட்டிருந்தான் ஷ்யாமளா. நான் ஓடைக்குப் போயிருந்த நேரத்தில் போய்விட்டிருந்தான்.

அந்த வழியில் நான் கண்ட குட்டையிலும் வாய் வைத்துக் குடித்தேன். கண்டவர் கையிலும் வாங்கிக் குடித்தேன். என் மடி ஆசாரம் எல்லாம் அங்கேயே போயிற்று. ஆனால் ஸ்டுடியோவில் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து விளக்கைப் போட்டதும் கை தானாக மேலே போய்விட்டது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை. அவனுக்கு விடத் தோன்றிற்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஊரில் நாங்கள் புறப்பட்ட அன்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "விசாலம், மாப்பிள்ளைகிட்டே சொல்லு, குழந்தை பசி தாங்கமாட்டான்" என்றார். அந்தக் கதவுக்கு முன்னால் நான் தனியாகப் போய் எப்படி நிற்பேன்? இதை விசாலத்துக்கு எழுதாதே. நான் செத்துப்போனேன் என்று வேண்டுமானால் எழுது. உன் இஷ்டம்.

வெங்கடராமன்


மாட்டுங்கா
8-8-46

சௌபாக்யவதி விசாலாக்ஷி அக்காவுக்கு ஷ்யாமளா அநேக நமஸ்காரம்.

உறை மேலும் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரன் தெருக்கோடி வரை கேட்கும்படி படிக்கட்டும். அத்திம்பேர் செம்பூரில் உயிரோடு, சௌக்யமாக இருக்கிறார். பார்த்துவிட்டு வந்தோம். உன் ஜூலைக் கடிதம் ஸ்டிரைக்கில் மாட்டிக்கொண்டு நேற்றுத்தான் வந்தது. உனக்குப் பதில் போட முடியாமல் நான் இத்தனை நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குர்லாவில் ரயில் மாறி, செம்பூரில் இறங்கிச் சேற்றில் நடந்தோம். பங்களாவைச் சுற்றி மாமரங்கள். வாசலில் ஒரு பச்சைக் கிளி, மூக்கு மிளகாய்ப்பழ நிறம். அதற்கு "ரசம்" என்று சொல்ல வருகிறது! சம்பகலதா அழுக்குப் புடவையோடு ஊஞ்சலில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். என் கொண்டை ஊசியைத் திருப்பிக் கொடுக்கமாட்டாளாம், ராசியான ஊசியாம். நாளைக்கு நம் குடும்பத்தில் பிறக்கிற குழந்தைகளிடம் சொல்ல எனக்கு ஒரு கதை ஆயிற்று.

அத்திம்பேர் கொஞ்சம் இளைத்திருக்கிறார். காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் கரண்டி கையிலிருந்து விழுந்தது. "விசாலம் சௌக்யமா?" என்று கேட்டார். நான் சௌக்யம் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். வேஷ்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். அடுப்பில் புகையே இல்லை. ஊருக்கு வர இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். நாம் அவசரப்படுத்த வேண்டாம், அக்கா. அவர் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறார்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பட்டுமா? ஸ்வாமி எல்லோருக்கும் கிருபை செய்யட்டும்.

ஷ்யாமளா


கல்பாத்தி
20-8-46

சௌபாக்யவதி ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம். நாங்கள் க்ஷேமம்.

நீ தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டும். வேறு என்ன சொல்வது? தபால்காரன் படித்தான். ஜன்னலெல்லாம் திறந்தது. எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் மாமி ஓடி வந்து தன் கையால் எனக்குக் குங்குமம் வைத்தாள். என் கூந்தலில் எத்தனையோ நாளைக்கப்புறம் பூ. கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன், அதிலே இருந்தவள் ஷ்யாமளாவின் அக்கா மாதிரியே இருந்தாள். அம்மா பாயசம் வைத்தாள். உன் கடிதத்தை என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் மாவரைக்கப் போய்விட்டாள்.

நான் கேட்கிறேன். கிளியின் மூக்கு என்ன நிறம் என்று எழுதியிருக்கிறாய். பஞ்சு எங்கே என்று எழுதவில்லை. உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். "சிரஞ்சீவி பஞ்சுவும் வந்து சேர" என்று முடிக்காத கடிதம் இது ஒன்றுதான்.

அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று ஒரு வரி எழுதிவிடு. நான் நம்புகிறேன்.

விசாலம்


மாட்டுங்கா
24-9-46

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் க்ஷேமம். ஊரில் கலாட்டா, ஊரடங்கு, பால் இல்லை, இவர் ஆபீஸிலிருந்து திரும்புகிற வரை எனக்கு உயிர் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கொலுவுக்கு இரண்டு படிதான் கட்டப்போகிறேன். பஞ்சு விஷயம் அத்திம்பேர் நேரில் சொல்வார். கார்டில் இடமில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஷ்யாமளா


கல்பாத்தி
6-10-46

ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

கார்டில் பாதி இடம் வெறுமனே இருந்தது. உன் எழுத்தில் அவன் பெயருக்கு முன்னால் சிரஞ்சீவி இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. வருஷங்கள் கழித்துக் கேட்டால் தீட்டுக்கு ஸ்நானம் மட்டும் போதும் என்று சாஸ்திரம். ஆற்றுக்குப் போய்த் தலையோடு முழுகினேன். படித்துறையில் யாரும் இல்லை. தண்ணீருக்குள்ளேயே வாய்விட்டு அழுதுவிட்டு வந்தேன். நீ எனக்குச் சொல்லாமல் எத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருந்தாயோ, என் கண்ணே.

உன்னிடம் சொன்னால் என்ன? குங்குமம் வைக்கும்போது கை கூசுகிறது. இவர் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் சந்தோஷம் பொங்குகிறது. அவன் இல்லையே என்று மறுநிமிஷம் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. அவரை வாருங்கள் என்று எழுத உட்காருகிறேன். எழுத்து வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் என்று நினைத்தால் மறுபடி பேனாவை எடுக்கிறேன். அவர் வந்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பார்? அம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. ஒவ்வொரு ஆவணி அவிட்டத்துக்கும் பஞ்சு வந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு பூணூல் வாங்கி ஸ்வாமி அலமாரியில் வைப்பாள். இந்த வருஷம் உன் கடிதத்துக்கப்புறம் வந்த ஆவணி அவிட்டத்துக்கு அவள் வாங்கவில்லை. நான் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

விசாலம்


கல்பாத்தி
வியய வருஷம் ஐப்பசி மாதம் 3-ந் தேதி

மாப்பிள்ளைக்கு அபயாம்பாள் ஆசீர்வாதம்.

உங்களோடு நான் நேரே பேசினதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று விசாலத்திடம் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். இது விசாலத்திடமும் சொல்ல முடியாத சங்கதியாக இருப்பதால் நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். தப்பாக நினைக்கக் கூடாது. விலாசம் ஷ்யாமளாவின் கடிதத்தில் பார்த்து எழுதினேன்.

குழந்தை இருந்தால் அவனை விட்டுவிட்டு நீங்கள் தனியாக ஓர் ஊரில் சமைத்துக்கொண்டு இருக்கமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். பெண்கள் இரண்டு பேரும் அம்மா தாங்கமாட்டாள் என்று மறைக்கிறார்கள். அவர்கள் நிம்மதிக்காக நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறேன்.

எங்கே, எப்படி, எந்த நாள் என்று கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கடைசியில் அவன் வாயில் தண்ணீர் விட யாராவது பக்கத்தில் இருந்தார்களா?

நீங்கள் என்ன பதில் எழுதினாலும் இந்த மாதம் நம் விசுவநாத ஸ்வாமி தேருக்கு வந்துவிட வேண்டும். விசாலம் பூ வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு உள்ளே போய் அழுகிறாள். எனக்கு ஒரு பிள்ளை போனது போதும்.

அபயாம்பாள்


செம்பூர்
29-10-46

மாமியார் அவர்கள் பாதங்களில் வெங்கடராமன் அநேக கோடி நமஸ்காரம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்யம். தாங்கள் முழங்காலை அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

நான் பக்கத்தில் இருந்தேன். தாகமாக இருக்கிறது என்று கேட்டான். ஓடைத் தண்ணீர், நல்ல தெளிவான தண்ணீர். மடியில் தலையை வைத்துக்கொண்டு தம்ளரைத் தூக்கி நானே விட்டேன். இடப்பக்கம் சாய்ந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, என்னைக் கேலி செய்ய எப்போதும் குடித்துக் காட்டுவானே, அதே மாதிரி குடித்தான். வயிறு நிறையக் குடித்தான். போதும் என்று கையைக் காட்டினான். அப்புறம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

சம்பகலதா அம்மாள் லீவு கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மெயிலில் கிளம்புகிறேன். விசாலத்திடம் சொல்லவும்.

வெங்கடராமன்